அப்பாவின் சட்டை அளவு

மக்கா,

நேற்று எனக்கு எண்பத்தொரு வயது முடிந்தது. மருமகள் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். பிரிப்பதற்கு முன்னாலேயே மணம் காட்டிக்கொடுத்துவிட்டது. தோல் பர்ஸ். இந்தப் பத்து வருஷத்தில் இது ஐந்தாவது. வீட்டில் பணம் என்று இருப்பதெல்லாம் மகனுடைய போனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, எனக்கு எதற்குப் பர்ஸ்? அதை முகத்தில் காட்டாமல் "நல்லாருக்கும்மா" என்றேன். அவள் லேசுப்பட்டவளா என்ன?

"புடிக்கலைன்னு தெரியுது மாமா. இந்த ஆம்பளைங்களுக்கு என்னதான் வாங்கறது, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு வாங்கறதும் கஷ்டம், உங்க பேரனுக்கு வாங்கறது அதைவிடக் கஷ்டம். பதினஞ்சு வயசுலயே எதைக் குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கறான்" என்று அலுத்துக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்குன்னே ஒருத்தன் இருந்தாம்மா" என்றேன். யார் என்று கேட்டாள். சுனாபட்டி மாமா என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்த கிழவனைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். தலைக்கு எண்ணெய் பூசி, வகிடு எடுத்து, கையை வீசிக்கொண்டு மாதுங்கா மார்க்கெட்டில் நடந்த உன்னை அவள் எங்கே பார்த்தாள்? அவள் அடுப்படிக்குப் போன பிறகும் நான் பர்ஸை மோந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, தாராவித் தோல் மணம் மாறவே இல்லை.

நம் பொங்கல் வீட்டைப் பற்றி இப்போது யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். ஓர் அறை, ஒரே ஊர்க்காரர்கள் பதினோரு பேர், சேர்ந்து பொங்கிச் சாப்பிட்டதால் அது பொங்கல் வீடு. பகல் ஷிப்ட் போகிறவன் சுருட்டி வைத்த பாயை இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் விரிப்பான். அந்தப் பதினோரு பேரில் யாராவது ஒருவன் ஊருக்குக் கிளம்பினால் போதும், வீடே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். போகிறவன் அவன் வீட்டுக்கு மட்டுமா போகிறான்? பதினோரு வீட்டுக்கும் போகிறான். டிரங்குப் பெட்டியில் அவன் துணி மேலாக நாலு விரல் உயரம் இருக்கும், அடியில் முழுக்க மற்றவர்களுடைய பொட்டலம். பம்பாய்க்காரன் வெறுங்கையோடு வந்தான் என்று ஒரு தடவை பேர் வாங்கிவிட்டால் ரெண்டு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

பொம்பளைகளுக்கு வாங்குவதில் யாருக்கும் திண்டாட்டம் இல்லை. வளையல், ரிப்பன், கொஞ்சம் வசதி இருந்தால் நைலான் சேலை. அப்பாமார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் மீசை அரும்புகிற பயல்களுக்கும் வாங்கத்தான் முழி பிதுங்கும், அதிலும் நம் கையிருப்புக்கு. அப்போது எல்லாரும் உன் பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

"ஆம்பளைக்கு வாங்குதது லேசுப்பட்ட காரியம் இல்லடே. குடுத்தா, 'எனக்கு எதுக்குல இதெல்லாம்'பான். குடுக்காம இருந்து பாரு, சாவுற வரைக்கும் மறக்க மாட்டான்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் நானும் கிளம்பிவிடுவோம். செம்பூர்ப் பக்கம் ஏதோ ரசாயனத் தொழிற்சாலையில் உனக்கு வேலை, விரலிடுக்கில் எப்போதும் மஞ்சள் கறை இருக்கும். எனக்குத் தாராவியிலேயே தோல் பை தைக்கிற பட்டறை. என் பட்டறையில் பெல்ட்டும் பர்ஸும் சல்லிசாகக் கிடைக்குமே, அதையே எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே என்று ஒரு தடவை சொன்னதற்கு நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "கையில கிடைக்கிறத எடுத்து நீட்டுததுக்குப் பேரு வாங்குறதா? அந்த ஆள ஒரு நிமிசமாவது மனசுல நெனைக்கணும்டே" என்றாய். அதற்காகத்தான் என்னை சயான், மாதுங்கா, செம்பூர் கேம்ப் என்று கால் தேய நடக்க வைத்தாய். நடைபாதைக் கடையில் நீ ஒரு சாமானை எடுத்தால், ஊரில் இருக்கிற அந்த மனுஷன் அதைக் கையில் வாங்கி என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே பேசிக் காட்டுவாய். கடைக்காரன் நமக்குப் பைத்தியம் என்று நினைத்துப் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவான்.

பயல்களுக்கு வாங்குவதற்கு நீ ஒரு வழி வைத்திருந்தாய். "பதினஞ்சு வயசுப் பயலுக்குப் பதினஞ்சு வயசுச் சாமான் வாங்காத. பதினெட்டு வயசுக்கு வாங்கு. கெழவனுக்கு அவன் வயசக் காட்டுற சாமானே வாங்காத." என் தம்பிக்கு அப்போது மீசை என்று சொல்ல ஒன்றுமில்லை, மேலுதட்டில் கொஞ்சம் அழுக்கு ஒட்டியிருந்த மாதிரி இருக்கும். அவனுக்கு நீ சவர செட் வாங்க வைத்தாய். அவன் ஒன்றுமில்லாத இடத்தை நாள் தவறாமல் வழித்து, கன்னமெல்லாம் கீறலோடு பள்ளிக்கூடம் போனானாம். வாத்தியார் கேட்டதற்கு, "ஷேவிங் சார்" என்றானாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகவே அவன் எத்தனை நாள் காத்திருந்தானோ.

மாதுங்கா மார்க்கெட்டில் உன்னைப் பிடித்துக்கொண்ட அந்த மாமியை மறந்திருக்க மாட்டாய். நாம் சீப்புக் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, தானாகவே வந்து கேட்டார்.

"ஏன்பா, எம்புள்ளைக்குப் பதினாலு முடியறது. பொறந்தநாளுக்கு என்ன வாங்கிண்டு போனாலும் ஒரு மூலைல போட்டுடறான். ஒனக்கு ஏதாவது தோணறதா?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சைக்கிள் பெல் வாங்கிக் குடுங்க மாமி."

"எங்காத்துல சைக்கிளே கெடையாதேப்பா!"

"சைக்கிள் வரும்போது வரட்டும். பெல் இருந்தா வருதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கும்லா?"

மாமி சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். அடுத்த மாசம் அதே கடைவாசலில் உன்னைக் கண்டதும், "நன்னா சொன்னே போ! நாள் பூரா கிணுகிணுன்னு அடிச்சு மாடிக்காராள்ளாம் சண்டைக்கு வரா. ஆனா கீழ வைக்க மாட்டேங்கறான்" என்று திட்டினார். திட்டிவிட்டு, கையில் இருந்த பையிலிருந்து ரெண்டு ஆரஞ்சுப் பழம் எடுத்துக் கொடுத்தார்.

நீ இப்படி ஊராருடைய அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அலைந்தாயே தவிர, உனக்கென்று வாங்க ஊரில் ஆம்பளை யாரும் இல்லை. அம்மாவும் தங்கச்சியும் மட்டும்தான். உன் அப்பா நீ சின்னப் பயலாக இருந்தபோதே போய்விட்டார் என்று மட்டும் தெரியும். நீ அதைப் பற்றிப் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு என் அப்பா கவலையே பெரிசாக இருந்தது.

ஊரிலிருந்து கவர் வந்தால் நம் ஆட்கள் முதலில் பிரித்துப் படிப்பதில்லை, தடவித்தான் பார்ப்பார்கள். உள்ளே நூல் இருக்கிறதா என்று. சட்டைக்கு அளவு எடுக்க நம் வீடுகளில் டேப்பா இருந்தது? மார்பைச் சுற்றி நூலைப் பிடித்து ஒரு முடிச்சு, தோளிலிருந்து இறக்கத்துக்கு ஒரு முடிச்சு, தோள்பட்டைக்கு ஒன்று, கைக்கு ஒன்று. அதைச் சுருட்டிக் கடுதாசிக்குள் வைத்து அனுப்பிவிடுவார்கள். நூல் வந்தால் அந்த வீட்டில் நம்மிடம் உரிமையோடு கேட்கிறார்கள் என்று அர்த்தம். நூல் வந்த அன்று அந்த ஆள் பொங்கல் வீட்டுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பான்.

எனக்கும் வரும். ஒரே ஒரு நூல், தம்பியுடையது. அம்மா சொல்லச் சொல்ல அவன்தான் கடுதாசி எழுதுவான். கடைசியில் அம்மாவுக்குத் தெரியாமல் பொடி எழுத்தில், "அண்ணா, காலர் பெரிசாக இருக்கட்டும்" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருப்பான். கவரைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்ப்பேன். அப்பாவின் நூல் ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

அப்பாவுக்கும் எனக்கும் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் வாயாலேயே இன்னொரு தடவை சொல்கிறேன். அவர் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெயிலில் உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்துப்போனவர். தன் மகனாவது நிழலில் உட்காரட்டும் என்று முதலாளி கையைக் காலைப் பிடித்து எனக்கு ஓர் எழுத்துவேலை கேட்டு வாங்கினார். "திங்கக்கெழம காலைல பையன் வந்துருவான் மொதலாளி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் திங்கட்கிழமை நான் யாரிடமும் சொல்லாமல் பம்பாய் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். அப்பா முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றதாக அம்மா பிறகு எழுதினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரே மகன்தான், சின்னவன்" என்று சொன்னவர், அதற்குப் பிறகு என் பேரை எடுக்கவில்லை. யாராவது எடுத்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. அவரே கூப்பிடாமல் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று நானும் வீம்பாக இருந்தேன். விதைதானே முளைக்கும்.

வீம்பு ஒரு பக்கம் இருந்தாலும் ஊருக்குப் போகிறவன் பெட்டியில் அப்பாவுக்கென்று ஒரு பொட்டலம் வைக்காமல் இருந்ததில்லை. டார்ச் லைட் அனுப்பினேன், உப்பளக் காவல்காரருக்குப் போய்விட்டது. மப்ளர் அனுப்பினேன், அம்மாவின் அரிசிப் பானைக்கு மூடுதுணியானது. மூன்றாவதாகக் குடை. அதை மட்டும் அப்பா வீட்டுக்குள்ளேயே விடவில்லை, கொண்டுபோனவன் பெட்டியிலேயே திரும்பி வந்துவிட்டது. பிரிக்காத காகிதத்தோடு அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நீ குடையை எடுத்து ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டு மடக்கினாய்.

"நீ வாங்குதது பூரா மன்னிப்புக் கேக்குற சாமான்டே. கேக்காதவருக்கு எதைக் குடுத்தாலும் நிக்காது. அவரு வாயத் தொறந்து கேக்கணும்."

"அவரு எங்கடே கேக்கப் போறாரு? செத்தாலும் கேக்க மாட்டாரு."

"கேப்பாரு. நீ செத்தக் கம்முன்னு இரு."

கோட்டிக்காரப் பயல், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அறுபத்தைந்தாம் வருஷமோ அறுபத்தாறோ, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ ஊருக்குப் போனாய். என் பொட்டலத்தில் தம்பிக்கு மட்டும்தான் சாமான் இருந்தது, முதல் முழுக்கால் பேண்ட். அப்பாவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. குடைக்குப் பிறகு வெறுத்துப்போயிருந்தேன். ஒரு மாசம் கழித்துக் கருப்பட்டியும் சீரணி மிட்டாயும் சுமந்துகொண்டு வந்து இறங்கினாய். எல்லாருக்கும் பங்கு வைத்து முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்து என் மடியில் போட்டாய். பிரித்தால் உள்ளே நூல். நாலு முடிச்சு.

"ஒங்கப்பா அளவு. சட்டை ஒண்ணு அடிச்சுக் கேட்டாரு. தபால்ல அனுப்பப்பிடாதாம். நேர்ல கொண்டாரணுமாம்."

நான் அழுதேன் மக்கா. அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன். "சவத்த மூதி, இதுக்குப் போயி அழுதாம் பாரு" என்று ஏசிவிட்டு நீ வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாய். அப்போது குழாயில் தண்ணீர் வருகிற நேரம் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூர் கேம்ப்புக்குப் போனோம். சிந்திக்காரர்களுடைய கடை வரிசையில் கட்பீஸ் துணி மலிவு. நான் வெள்ளையில் கை வைத்தேன். நீ தட்டிவிட்டாய். "விடிஞ்சா பொழுதடைஞ்சா உப்பையே பாத்துக்கிட்டு இருக்கவருக்கு வெள்ளைச் சட்டையா? கண்ணு கூசாது?" என்று இளநீலத்தில் எடுத்தாய். கடைக்காரர் சொன்ன விலையை மறுபேச்சுப் பேசாமல் கொடுக்கச் சொன்னாய். பேரம் பேசாமல் நீ வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நம் தெருமுனைத் தையல்காரர் நூலை டேப்பின் மேல் வைத்து நீட்டினார். மார்பு முடிச்சு போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "அரே பாயி, ஆத்மி ஹை யா பெஹல்வான்?" என்று கேட்டார். அவர் பயில்வானா என்று கேட்டது எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. "மேரா பாப் ஹை!" என்றேன், என் அப்பாவாக்கும் என்று. நான் வரும்போது அப்பா ஒல்லிதான். அதனாலென்ன, தம்பி வளர்ந்துவிட்டான், வீட்டில் கஷ்டம் குறைந்திருக்கும், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சதை போட்டிருப்பார் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஊரைவிட்டு வந்தவனுக்கு இந்தப் புத்திதான் கேடு. ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டே வருகிறார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. நீ தையல்காரர் கையில் இருந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றாய். வேலை முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கிச் சுருட்டி வைத்துக்கொண்டாய்.

மூன்று நாள் ரயிலில் அந்தச் சட்டையை மடி கலையாமல் கொண்டுபோனேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது. கை ரெண்டும் குச்சி. இருமி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிரித்துத் தூக்கிப் பிடித்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் அது ஒரு திரை மாதிரி விரிந்து நின்றது.

"இது யாருக்குத் தச்சது?"

ஐந்து வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உங்களுக்குத்தான்ப்பா. நீங்க குடுத்துவிட்ட அளவு..."

"நான் யாருக்கும் அளவு குடுக்கல."

அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நீ மூன்று நாள் தொடர்ந்து எங்கள் வாசலுக்கு வந்தாய் என்பதைத் தம்பி பிறகுதான் சொன்னான். "மாமா, ஒரே ஒரு அளவு எடுத்துக்கிடுதேன்" என்று கெஞ்சினாயாம். முதல் நாள், "பம்பாய்ல எனக்கு யாரும் இல்ல" என்று சொல்லி அனுப்பினாராம். ரெண்டாம் நாள் பதிலே சொல்லவில்லையாம். மூன்றாம் நாள் உன்னைக் கண்டதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம். அவர் இருமுவதை, இளைத்துக் கிடப்பதை நீ மூன்று நாளும் பார்த்திருக்கிறாய். பார்த்ததை என்னிடம் சொல்லாமல், நூலைக் கொண்டுவந்து மடியில் போட்டாய். சொல்லியிருந்தால் நான் பயந்து பணம் அனுப்பியிருப்பேன், டாக்டருக்குக் கடுதாசி எழுதியிருப்பேன், வீம்பை விட்டு ரயிலேறியிருப்பேனா தெரியாது. என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாயே பாவி!

அவர் சட்டையைத் தூக்கி எறியப் போகிறார், நான் வந்த வழியே ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதான் என்று நின்றேன். அப்பா சட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏமாந்து வந்து நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மெள்ளக் கையை நுழைத்துப் போட்டுக்கொண்டார். தோள் முழங்கைக்கு இறங்கியது. முன்பக்கம் ரெண்டு கையாலும் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"ஏல, இதுக்குள்ள நீயும் வந்து இருக்கலாம் போலிருக்கே."

அம்மா வாய்விட்டு அழுதுவிட்டாள். நான் அப்பா காலடியில் உட்கார்ந்தேன். அவர் என் தலையில் கையை வைத்தாரா, கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பிடிமானத்துக்கு வைத்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் வைத்தார் என்றே எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து நான் கிளம்பும்போது சொன்னார். "அந்தப் பயல்ட்ட அளவு சரியா இருந்துச்சுன்னு சொல்லு. மூணு நாளு தொண்டை வறளப் பேசுனான். அவன் மனசு நோகப்பிடாது."

திரும்பி வந்ததும் நீ வேலைக்குக்கூடப் போகாமல் காத்திருந்தாய். நானும் அப்பா சொன்னபடியே சொன்னேன். அச்சாக இருந்தது, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது என்றேன். உன் முகத்தில் திருட்டு முழி ஏதாவது வருகிறதா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பார்த்தேன். அதெல்லாம் வரவில்லை. "தோள்பட்டை? தோள்பட்டைல சரியா உக்காந்துச்சா?" என்று ரெண்டு தடவை கேட்டாய். உட்கார்ந்தது என்றேன். "நல்லதுடே" என்று சொல்லிவிட்டுப் பாயில் சரிந்து படுத்துக்கொண்டாய். என்னமாய் நடிக்கிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அப்பா ரெண்டு வருஷம் இருந்தார். அதில் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கவரில் முன்கூட்டியே நூல் வந்துவிடும், தம்பியுடையது ஒன்று, அப்பாவுடையது ஒன்று. அப்பாவுடைய நூல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

பிறகு நமக்குக் கல்யாணம், பிள்ளைகள், நீ சுனாபட்டிக்கும் நான் மான்குர்துக்கும் போனது, எல்லாம் ஆயிற்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நீயும் போய்விட்டாய். எத்தனை தடவை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! ரேஷன் கடை, முழங்கால் வலி, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஆயிரம் பேசினோம். அந்தச் சட்டையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நீ போட்ட நாடகம் எனக்குத் தெரியும் என்று சொன்னால் உனக்கு வெட்கமாகிவிடும் என்று நினைத்து, பெரிய மனுஷத்தனமாக விட்டுவிட்டேன்.

போன மாசம் உன் தங்கச்சி இங்கே வந்திருந்தாள். பேத்தி வீட்டுக்கு வந்தவள், என்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். பேச்சு அவள் கல்யாணத்தில் வந்து நின்றது.

"கல்யாணத்துக்கு முந்துன நாளு, வீடு பூரா ஆளு. எங்கண்ணன் என்ன செஞ்சுது தெரியுமா? அம்மையோட பெட்டியத் தொறந்து எங்கப்பா சட்டைய எடுத்துச்சு. அம்மை அத யாரையும் தொட விட மாட்டா. தரையில விரிச்சுப் போட்டு, நூல வச்சு மாரு, தோளு எல்லாம் அளந்து முடிச்சுப் போட்டுச்சு. எதுக்குண்ணேன்னு கேட்டேன். 'ஒருத்தருக்குச் சட்டை எடுக்கணும்ட்டி'ன்னுச்சு. எங்கப்பா ஆர்பர்ல கப்பல் மூட்டை தூக்குனவரு, நல்ல அகலமான ஆளு. அண்ணன் சம்பாதிக்கதுக்கு முந்தியே போயிட்டாரு. அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் குடுக்கலையேன்னு அம்மைட்ட சொல்லிச் சொல்லி அழும்."

அவள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். தோள்பட்டை உட்கார்ந்ததா என்று நீ ரெண்டு தடவை கேட்டதும், பேரம் பேசாமல் துணி எடுத்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடிப்பு என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கேள் மக்கா. அளவு சரியாக இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அம்மா ஒரு நாள் அந்தச் சட்டையைப் பிடித்துத் தைக்கலாம் என்று ஊசியோடு உட்கார்ந்தபோது அப்பா அவள் கையிலிருந்து வாங்கிவிட்டாராம். "அது அந்தப் பயல் கொண்டுபோன அளவு. அதுல ஒரு தையல் போடப்பிடாது" என்றாராம். பிறகு நான் தைத்துக்கொண்டு போன சரியான அளவுச் சட்டையெல்லாம் கொடியில் கிடந்தன. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர் போட்டுக்கொண்டு போனது அந்த இளநீலத்தைத்தான். உன் அப்பாவின் தோளகலத்தில் என் அப்பா ரெண்டு வருஷம் நடந்தார்.

நான் சுனாபட்டிக்கு வந்த ஏதாவது ஒரு நாளில், "அளவு சரியில்லடே, ரொம்பப் பெரிசு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருந்தால், நீயும் உன் அப்பாவைப் பற்றி என்னிடம் சொல்லியிருப்பாய்.